ஹட்டனில் 87, கொழும்பில் 101

காலை நாலு மணிக்கு மலைநாட்டு ஹட்டனில் ஸ்டார்ட் பண்ணிய கார், கினிகத்தேனை வளைவுகளை இறங்கி முடிக்கும்வரை பூனைக்குட்டி மாதிரி வந்தது. கித்துல்கல தாண்டி ஒரு சின்ன ஏற்றத்தில் பெடலை முழுதாக மிதித்தேன். எஞ்சினுக்குள் யாரோ சில்லறைக் காசைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கால் தானாக எடுபட்டது. ஓரத்துக் கடையில் நிறுத்தி, பிளேன்டீ ஒன்று குடித்து, போனட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்ப ஸ்டார்ட் பண்ணி ஓடினால் சத்தமும் இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் குணமாகும் வியாதி கொம்பியூட்டருக்குத்தான் வரும் என்று சிரித்துக்கொண்டே போனேன். உண்மையிலேயே கொம்பியூட்டருக்குத்தான் வந்திருந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டொயோட்டா கொரோலா கேஈ70, பின்சக்கர ஓட்டம், மாமா பல வருடம் ஓட்டிவிட்டு எனக்குத் தந்தது. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் பழைய கார்களுக்கு ஏறிய விலையைப் பார்த்தபோது, கையில் இருப்பதைச் சீர்படுத்துவதே புத்தி என்று பட்டது. அதில் இருந்த 1290 சீசீ 4கே எஞ்சின் களைத்துப் போயிருந்தது. கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து ஒரு 4ஏ-ஜீஈ எஞ்சினைப் பிடித்தேன். 20 வால்வு, கறுப்பு மூடி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி திரொட்டில் (காற்றை உள்ளே விடும் கதவு) என நாலு திரொட்டில். 1587 சீசீதான், ஆனால் தொழிற்சாலைக் கணக்கில் 165 குதிரைவலு. அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு இறுக்குகிறது என்பது, 11:1. இந்த 11 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நான் கேட்டது ஒன்றுதான். வார நாட்களில் தலவாக்கலைக்கு வேலைக்குப் போக வேண்டும், மழையில் ஸ்டார்ட் ஆக வேண்டும், வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். அதே கார் கீழ்நாட்டில் ஓடுபாதையில் நடக்கும் டிராக் ஓட்டத்துக்கு (நேர்கோட்டில் கால் மைல் வேகப் போட்டி) தன் சக்கரத்திலேயே போய், 402 மீட்டர் ஓடி, தன் சக்கரத்திலேயே வீடு திரும்ப வேண்டும். லொறியில் ஏற்றிப் போகும் காரில் எனக்கு ஆசை இல்லை.

மாமாவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவருடைய கராஜ் டவுனுக்குப் பின்னால் ஒரு சரிவில் இருக்கிறது. நாற்பது வருடமாக அதே இடம். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு (1934இல் தொடங்கியது, எங்கள் தாத்தா காலத்துப் பேச்சு) கொழும்பிலிருந்து வரும் கார்களுக்கு அவர் ஜெட் (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளை) மாற்றிக் கொடுத்தவர். ஒரு பால்மா டின் நிறைய, நம்பர் அடித்த பித்தளை ஜெட்டுகள். கீழேயிருந்து வரும் கார் மலையில் கறுப்பாகப் புகைக்கும். சின்ன ஜெட் போட வேண்டும். போட்டி முடிந்ததும் பழைய ஜெட்டை மறக்காமல் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும் வழியில் பிஸ்டன் ஓட்டையாகும். “ரேஸ் கார்னா ரேஸுக்கு. ரோட்டு கார்னா ரோட்டுக்கு. ரெண்டுக்கும் ஒண்ணுன்னா ரெண்டுலயும் நொண்டும்டா மருமகனே” என்பார்.

அவர் காலத்துக்கு அது முழு உண்மை. அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது. பெரிய கேம்ஷாஃப்ட், பெரிய காபரேட்டர் போட்ட கார் ஓடுபாதையில் பறக்கும், சிக்னல் விளக்கில் நின்றால் இருமிச் சாகும். அதை மாற்றியது குதிரைவலு அல்ல, எரிபொருளையும் தீப்பொறியையும் மில்லி வினாடிக் கணக்கில் அளந்து கொடுக்கும் எஞ்சின் கொம்பியூட்டரான ஈசியூ. அங்கே 2005இல் தொடங்கிய ‘டிராக் வீக்’ என்ற போட்டியில், ஒரு வாரத்தில் ஆயிரம் மைல் அளவுக்குப் பொதுத் தெருவில் காரை ஓட்டிக்கொண்டே ஓடுபாதை ஓடுபாதையாகப் போய் கால் மைல் ஓட வேண்டும். உதவி வண்டி பின்னால் வரக்கூடாது. 2019இல் டொம் பெய்லி என்பவர் அந்தப் போட்டியில் 5.99 வினாடியில் ஓடி முடித்தார். டர்போ அழுத்தத்தைக் கியருக்குக் கியர் மாற்றிக் கொடுப்பதும், டயர் வழுக்கினால் அடுத்த கணமே தீப்பொறியைப் பின்தள்ளுவதும் ஈசியூ பார்க்கும் வேலை. அதே ஈசியூ, ஓட்டம் முடிந்து நெடுஞ்சாலையில் போகும்போது எஞ்சினைச் சாதுவாக வைத்துக்கொள்கிறது. இப்போது கடையில் வாங்கும் நாலு கதவு மின்சாரக் காரே கால் மைலை ஒன்பதரை வினாடிக்குள் முடிக்கிறது. அதில் ஸ்பெனர் பிடிக்க இடமில்லை என்பதால் எனக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஹட்டன் கராஜுக்கு வருவோம்.

இந்த எஞ்சின் முன்சக்கரக் காருக்காகச் செய்தது. கேஈ70இல் நீளவாக்கில் உட்கார வைத்தால் டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) நேராக எஞ்சின் அறையின் பின்சுவரில் முட்டும். பலர் சுவரைத் தட்டிக் குழியாக்குவார்கள். நான் டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிப் போட்டேன். எஞ்சினின் கிராங்க் தண்டோடு சுற்றும் கப்பியில் 36 பல்லில் ஒன்று குறைந்த ஒரு தட்டு, அதன் எதிரில் ஒரு சென்சர், இரட்டைக் கொயில் இரண்டு. பல் இல்லாத இடம் கடக்கும்போது ஈசியூவுக்கு பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஈசியூவாக ‘ஸ்பீடுயினோ’ வைத்தேன். ஆடுயினோ மெகா பலகையின் மேல் ஓடும், வரைபடமும் நிரலும் யாருக்கும் திறந்திருக்கும் திட்டம். பெயர் பெற்ற ஈசியூக்களின் விலையில் எனக்கு இன்னொரு எஞ்சின் வந்துவிடும்.

இந்தத் தட்டைப் பொருத்தும்போது ஒன்றை விடக்கூடாது. லெப்டொப்பில் தீப்பொறியை, பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன் என்று பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைக் கப்பியில் அடித்து, குறி உண்மையாகவே 10இல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு 16இல் நின்றது. திரையில் 10, இரும்பில் 16. அந்த ஆறு டிகிரியைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் அழுத்த விகிதம் 11 உள்ள எஞ்சின் என்னை மன்னித்திருக்காது. கோணத்தைத் திருத்தி, நிமிடத்துக்கு 3000 சுற்றிலும் குறி நகராமல் நிற்கிறதா என்று பார்த்தபின்தான் மற்ற எண்களை நம்பினேன்.

வயரிங்குக்கு மூன்று வாரம் போனது. அதில் இரண்டு வாரம் என் தவறால். எஞ்சின் 4200 சுற்றுக்கு மேல் போனால் வெட்டி வெட்டி இழுத்தது. பெற்றோல் பம்பை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், கொயிலைக் குறை சொன்னேன். கடைசியில் லெப்டொப்பில் சேமித்த ஓட்டப் பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒவ்வொரு வெட்டிலும் ஈசியூ பற்களின் கணக்கைத் தவறவிட்டிருந்தது. கிராங்க் சென்சரின் மெல்லிய வயரைக் கொயிலுக்குப் போகும் வயரோடு ஒரே கட்டாக, அழகாக, டேப் சுற்றிக் கட்டியிருந்தேன். கொயில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் சென்சர் வயரில் எதிரொலித்திருக்கிறது. உறையிட்ட வயர் வாங்கி, உறையை ஈசியூ பக்கம் மட்டும் எர்த் பண்ணி (இரண்டு பக்கமும் பண்ணினால் மறுபடி தொல்லை), எஞ்சினின் மறுபக்கமாக இழுத்தேன். அதோடு வெட்டு நின்றது. அழகாகக் கட்டிய வயரிங் என்றால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

சைலன்சர் குழாயில் பொஷ் எல்எஸ்யூ 4.9 சென்சர். எரிந்த காற்றை மோந்து பார்த்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று கலந்தது என்று சொல்வது இதுதான். மாமா பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதை இது கணத்துக்குக் கணம் எண்ணாகச் சொல்கிறது. முதல் சென்சரைக் குழாயின் அடிப்பக்கம் பொருத்தி நாசமாக்கினேன். எங்கள் ஊர்ப் பனியில் காலையில் குழாய்க்குள் ஊறும் தண்ணீர் முழுவதும் அதன் மேல் விழுந்தது. மேல்பக்கமாகச் சாய்த்துப் பொருத்த வேண்டும்.

இனி டியூனிங். மலைநாட்டில் டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பலத்தை அளக்கும் பொறி) கிடையாது, ஆனால் மலை இருக்கிறது. மூன்றாம் கியரில் 40, 50 வேகத்தில் ஏற்றத்தில் பெடலை மிதித்தால், எஞ்சின் முழுச் சுமையில் மெதுவாக ஏறும். யாரையும் பயமுறுத்தாமல், எந்தச் சுற்றில் எவ்வளவு பெற்றோல் என்று ஈசியூவுக்குச் சொல்லும் அட்டவணையின் கீழ்ப்பகுதி முழுவதையும் நிரப்பிவிடலாம். பக்கத்து இருக்கையில் தம்பி லெப்டொப்போடு. மேல் சுற்றுகளை மட்டும் ரோட்டில் செய்யக்கூடாது என்று முடிவெடுத்து, கொழும்பில் ஒரு டைனோவுக்கு நாள் குறித்தேன்.

இங்கே நான் ஒரு குறுக்குவழி எடுத்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கணக்கிட இரண்டு வழி. ஒன்று, மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு போகும் குழாய்) அழுத்தத்தை அளப்பது. மற்றது, திரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பது. நாலு திரொட்டில் உள்ள எஞ்சினில் அழுத்தம் நடுங்கும். கொஞ்சம் திறந்ததுமே வெளிக்காற்று அளவுக்கு ஏறிவிடும். டொயோட்டா இதே எஞ்சினுக்கு அழுத்த சென்சர் வைத்துத்தான் ஓட்டியது, அதற்குப் பொறுமையாகச் சமன் செய்த குழாய்கள் வேண்டும். எனக்கு அவசரம். திரொட்டில் கோணத்தை மட்டும் வைத்து அட்டவணை போட்டேன். ஹட்டனில் அருமையாக ஓடியது.

அந்தக் கொழும்புப் பயணத்தில்தான் முதலில் சொன்ன சில்லறைச் சத்தம், அதாவது தட்டல்: தீப்பொறியின் தீ எட்டுமுன்னே கலவை தானாக வெடிப்பது. டைனோவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று மாலை திரும்பி வரும்போது கினிகத்தேனை ஏற்றத்தில் கார் மந்தமானது. பின்னால் கண்ணாடியில் பார்த்தால் கறுப்புப் புகை, பெற்றோல் வாடை. எனக்கு அழுகையே வந்தது. இறங்கும்போது தட்டல், ஏறும்போது புகை. இன்ஜெக்டரா, பம்பா, சென்சரா என்று ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டு மறுநாள் கராஜுக்குப் போனேன்.

மாமா ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வராமலே கதையைக் கேட்டார்.

“போகையில தட்டிச்சு. வரையில பொகஞ்சுச்சு. நடுவுல நிப்பாட்டி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுச்சு. அப்படித்தானே?”

“ஆமா மாமா.”

“இது ஜெட் வியாதிடா. நம்ம பழைய காபரேட்டர் வியாதி. ஒன் கொம்பியூட்டருக்கு மலை எறங்கினது தெரியல.”

நான் லெப்டொப்பைத் திறந்து பதிவில் வெளிக்காற்று அழுத்தத்தின் எண்களைப் பார்த்தேன். ஹட்டனிலிருந்து கித்துல்கல வரை ஒரே எண்: 87. கோடு போட்டது மாதிரி. தேநீர்க் கடைக்குப் பிறகு ஒரேயடியாகத் தாவி 100 ஆகியிருந்தது. திரும்பும் பயணத்தில் கொழும்பிலிருந்து ஹட்டன் வரை 101, அசையவே இல்லை.

விஷயம் இதுதான். ஈசியூவில் இருந்தது ஒரே அழுத்த சென்சர். சாவியைத் திருப்பும் கணத்தில், எஞ்சின் சுற்றுவதற்கு முன், அது மேனிஃபோல்டில் காணும் அழுத்தத்தையே வெளிக்காற்று அழுத்தமாக எடுத்து நெஞ்சில் எழுதிக்கொள்கிறது. அதன்பின் ஆஃப் பண்ணும்வரை மாற்றாது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1271 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 87 கிலோபாஸ்கல் அளவு. கொழும்பில் 101. நுவரெலியா 1868 மீட்டரில் 81தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கினால் ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குள் 16 சதவீதம் கூடுதல் காற்று போகிறது, பெற்றோல் மட்டும் ஹட்டன் கணக்கிலேயே வருகிறது. முழு மிதியில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 12.8 பங்கு காற்று என்று நான் வைத்திருந்த கலவை, கித்துல்கலவில் 14.7. பதிவில் அப்படியே இருந்தது. சென்சரைப் பார்த்துத் திருத்தும் உரிமையை ஈசியூவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் நான் கொடுக்கவில்லை, அதுவும் முழு மிதியில் இல்லை.

தட்டல் ஏன் கீழே மட்டும்? மேலே காற்று மெலிந்ததால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. 11:1 விகிதம் இருந்தாலும் 92 ஒக்டேன் பெற்றோல் (ஒக்டேன் எண் கூடினால் தட்டலைத் தாங்கும்) தாங்கிக்கொண்டது. கீழே காற்று தடிக்க, கலவையும் மெலிய, 92 கைவிட்டது. நாங்கள் மலையில் ‘எஞ்சின் நல்லாருக்கு’ என்று சொல்வதில் பாதி, காற்றுக் குறைந்ததன் தயவு. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: டர்போ இல்லாத எஞ்சின் நுவரெலியாவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மலையில் 5,800 அடி உயரத்தில் பேண்டிமியர் என்று ஒரு டிராக் ஓடுபாதை 2023 வரை இருந்தது. நுவரெலியாவை விடக் கொஞ்சம்தான் தாழ்வு. அங்கே ஓடிய நேரங்களைக் கடல் மட்டத்துக்கு மாற்றத் தனி விகிதக் கணக்கே வைத்திருந்தார்கள். டர்போக் கார்க்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் நிம்மதி, குறைந்த காற்றை அழுத்தித் திணித்துக்கொள்ளலாம்.

தீர்வு சின்னது. வெளிக்காற்றை மட்டும் இடைவிடாமல் பார்க்க இன்னொரு சென்சர், எம்பிஎக்ஸ்4115. 15 முதல் 115 கிலோபாஸ்கல் வரை அளக்கும். மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். மேசையில் இணைத்து, மூக்கில் ஒரு சின்ன ரப்பர் குழாயைச் செருகி வாயால் உறிஞ்சினேன். திரையில் 87 மெல்ல இறங்கி 79. விட்டால் திரும்ப 87. மாமா குழாயை வாங்கித் தானும் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தார். 74க்கு இறக்கினார், நாற்பது வருடம் பெற்றோல் குழாய் உறிஞ்சிய வாய். எஞ்சின் அறையில் வைக்கவில்லை. அங்கே விசிறிக் காற்றும் சூடும் பொய் சொல்லவைக்கும். டாஷ்போர்டுக்கு அடியில், ஹீட்டரிலிருந்து தள்ளி, மூக்கைக் கீழே பார்க்க வைத்துத் திருகினேன். திருத்த அட்டவணையில் 87ஐ நூறு சதவீதமாக வைத்து, 101க்கு 116, 81க்கு 93 என்று நேர்கோடாகப் போட்டேன். மேனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இதே எண்களை எடுத்துப் போடாதீர்கள். அவர்களுக்கு இந்தத் திருத்தம் மிகச் சிறியதாகத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஹட்டனிலிருந்து கித்துல்கல வரை இறங்கி, ஆஃப் பண்ணாமலே திரும்பினேன். பதிவில் 87, 89, 92, 96 என்று எண் வழுக்கிக்கொண்டே போனது. கலவை 12.8ஐ விட்டு அரை பங்கு கூட விலகவில்லை. இருந்தாலும் தீப்பொறியைக் கடல் மட்டத்துக்கு இரண்டு டிகிரி பின்தள்ளி, ஓட்டத்துக்குப் போகும் நாளில் 95 பெற்றோல் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஓட்ட நாளைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட வேகமான கார்கள்தான் அங்கே அதிகம். புறப்பாட்டுக்கு ஈசியூவில் சுற்று வரம்பு ஒன்று வைக்கலாம்; கிளட்சை மிதித்தபடி பெடலை முழுதாக அழுத்தினாலும் அந்தச் சுற்றிலேயே நிற்கும். 4500 வைத்தேன். பச்சை விளக்கு விழுந்ததும் பின் டயர் இரண்டும் புகைந்தன, கார் நகரவில்லை. 15.7 வினாடி. பதிவைப் பார்த்து வரம்பை 3800க்கு இறக்கி, பின் டயர் காற்றை 32இலிருந்து 22க்குக் குறைத்தேன். 15.3. கடைசி ஓட்டம் 15.1. வரிசையில் பக்கத்தில் நின்ற ஒருவர் டர்போ ஹொண்டாவில் 12 வினாடிக்குள் ஓடிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு சாப்பிடப் போனார். மாமா அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், என் 15.1ஐ அல்ல.

வீட்டுக்குப் புறப்படுமுன் டயருக்குத் திரும்பக் காற்றடித்தோம். அது ஒன்றுதான் கையால் மாற்ற வேண்டியிருந்தது. ஏற்றத்தில் புகை இல்லை. கினிகத்தேனையில் மழை பிடித்தது, பஸ் ஒன்றின் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தோம், எஞ்சின் 900 சுற்றில் அசையாமல் நின்றது. மாமா லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 94. 91. 89. “இதுல டிகோயா ஆத்துப் பாலம் எத்தனைன்னு காட்டும்?” என்று கேட்டார். காட்டாது என்றேன். ஹட்டன் டவுனுக்குள் நுழையும்போது 87 என்று வாய்விட்டு வாசித்துவிட்டு மூடினார்.

புகைப் பரிசோதனையில் முதல் தடவையே தேறியது. புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரை நான் கழற்றவில்லை, கழற்றச் சொன்னவர்கள் பலர். எஞ்சின் இலக்கத்தை வாகனப் பதிவுப் புத்தகத்தில் மாற்றிப் பதிந்த பிறகுதான் இதெல்லாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாக்கி இருக்கும் வேலை: டீ50 கியர்பொக்ஸில் இரண்டாம் கியர், குளிரில் முதல் ஐந்து நிமிடம் கரகரக்கிறது. சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். பொக்ஸை இறக்கும்போது படத்தோடு எழுதுகிறேன். அதற்குள் யாரிடமாவது நல்ல வளையம் இருந்தால் சொல்லுங்கள், பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன்.